சம்பந்தி சுட்ட நுரை பிஸ்கட்

என் மகளின் மாமனாரை எல்லாரும் மைக்செட் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷம் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். மேடையேறி "ஹலோ, ஹலோ" என்று தட்டிப் பார்த்ததைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அங்கே பேசிய பெரிய மனுஷர்கள் எல்லாம் தன்னால்தான் பேசினார்கள் என்று நினைப்பு. எதுவுமே அவருக்குத் தூக்கலாக இருக்க வேண்டும். சத்தம் தூக்கல், சென்ட் தூக்கல், பேச்சு அதைவிடத் தூக்கல். காது மந்தமானதும் கடையை மூடிவிட்டு, போனைப் பார்த்துச் சமைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு ஏழரை பிடித்தது.

என் பேத்தி பிறந்து நாற்பத்தோராவது நாள். கொட்டாவி விட்டால்கூட அழகாக விடுவாள். அவளைப் பார்க்க மகளின் ஆபீஸிலிருந்து பன்னிரண்டு பேர் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. பேக்கரியில் ஏதாவது சொல்லிவிடலாம் என்றேன்.

"பேக்கரியா? நான் என்ன செத்தா போயிட்டேன்? மெரிங் பிஸ்கட் போடுறேன், ஆரஞ்சு வாசனையில" என்றார் மைக்செட்.

முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, பொட்டுப் பொட்டாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் காய வைப்பதுதான் அது.

"மாமா, எங்க மேனேஜரம்மாவும் வர்றாங்க. மானத்தை வாங்கிடாதீங்க" என்றாள் மகள். "பாத்திரத்துல ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் நுரை படுத்துடுமாம்."

"நான் இருக்கேன்லம்மா?"

"அதுதானே பயமே" என்றேன் நான். அவர் காதில் விழவில்லை.

பாத்திரத்தை நாலு தடவை துடைத்தார். டாக்டர் ஊசியைத் துடைப்பது மாதிரி அப்படி ஒரு பாவனை. கால் மணி நேரம் மிஷினால் அடித்தார். பிறகு பாத்திரத்தைத் தன் வழுக்கைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி! விழுதா?"

விழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அத்தோடு விட்டிருந்தால் ஜெயித்திருப்பார். எசன்ஸ் நாலு சொட்டு என்று போனில் இருந்தது. விட்டார், மோந்தார்.

"வாசனையே வரலையே. கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்று பாதி பாட்டிலைச் சாய்த்தார்.

"சம்பந்தி, அது எண்ணெய்ங்க."

"எண்ணெய் இல்ல, எசன்ஸ்."

"வழுக்குது பாருங்க. நாப்பது வருஷம் லேத்துல எண்ணெய்லயே கை வச்சவன் நான்."

"இரும்பு கடைஞ்ச ஆளுக்கு பிஸ்கட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் நுரை பொசுக்கென்று அமுங்கியது. பிழியப் பிழியக் கூழாக ஓடியது. அதையும் விடாமல் தட்டில் ஊற்றி வேக வைத்தார். வெளியே வந்தது காய்ந்த வார்னிஷ். கத்தியால் நெம்பி, துண்டு துண்டாக உடைத்து, இருப்பதிலேயே நல்ல தட்டில் அடுக்கினார். மகள் அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேக்கரிக்கு ஓட நேரமில்லை. வாசல் மணி அடித்துவிட்டது.

மேனேஜரம்மா ஒரு துண்டை வாயில் போட்டார். தாடை இரண்டு தரம் அசைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. விரலை விட்டுப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, "வாசனை நல்லாயிருக்கு. யார் பண்ணது?" என்றார்.

மகள் முகம் சுண்டிப்போனது. மைக்செட் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் எங்க சம்பந்தி கைவண்ணம்! வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். ஆசைப்பட்டாரு, பாவம். பேத்தி பொறந்திருக்கா இல்ல?"

பன்னிரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பரிதாபமாகச் சிரித்தார்கள். "தாத்தாவுக்கு எவ்வளவு ஆசை!" என்றார் மேனேஜரம்மா. மகளுக்கு உயிர் வந்தது. ஆசைப்பட்ட தாத்தா என்றால் எல்லாம் மன்னிப்பு.

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பேத்தி என் மாரில் தூங்கிக்கொண்டிருந்தாள், என் சட்டைப் பட்டனைப் பிடித்தபடி. நான் கத்தினால் எழுந்துவிடுவாள். எழுந்து அழுதால், "கொடுங்க சம்பந்தி" என்று அந்த ஆள் கையை நீட்டிவிடுவார்.

"ஆமாம்மா, நான்தான்" என்றேன், மெதுவாக.