இரத்த வாளியும் என் விளக்கக் கடிதமும்

மதுவை நான் வாழ்நாளில் ஒருமுறையேனும் அருந்தியதில்லை. இந்த வாக்கியத்தை முதல் வரியாக வைப்பதா, சற்றுப் பின்னால் வைப்பதா என்று இரண்டு நாள்கள் யோசித்தேன். இத்தனை அவசரமாக மறுத்துரைக்கும் மனிதனை எவரும் நம்புவதில்லை என்பதை அண்மையில்தான் அறிந்துகொண்டேன். ஆயினும் முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். எழுபத்துநான்கு வயதில் ஒருவர் திருந்துவதற்கும் ஓர் எல்லை உண்டு.

மதுவைத் தொடாத எனக்குப் பிரித்தானிய மதுச்சாலைகளின் விசித்திரமான பெயர்களைப் பற்றி ஓரளவு புலமை உண்டு. அது வந்த வழியை இதுவரை எவருக்கும் முழுமையாகச் சொன்னதில்லை. கல்லூரிப் படிப்பை முடித்துக்கொண்டு கணக்கியல் பயில இலண்டன் சென்றேன். பரீட்சையில் இருமுறை தவறினேன். அதன்பின் பெயர்ப்பலகை தீட்டும் பட்டறையொன்றில் எழுதுவினைஞனாக அமர்ந்தேன். அங்கு வந்த கட்டளைகளில் பத்துக்கு ஒன்பது மதுச்சாலைகளிடமிருந்து வந்தவை. இதை அப்பாவுக்கு எழுதியபோது, "ஓவியக்கூடமொன்றில் நிர்வாகப் பொறுப்பு" என்று குறிப்பிட்டேன். அவர் அதை உறவினருக்கெல்லாம் வாசித்துக் காட்டினார். ஒஸ்லோவில் எங்கள் மூத்தோர் சங்கம் வெளியிட்ட ஆண்டு மலரிலும் என் படத்தின் கீழே அதே வாக்கியம்தான் அச்சாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் நான்.

பட்டறையின் தலைமை ஓவியர் தூரிகையை ஓட்டியபடியே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொல்வார். நான் அவற்றை நாட்குறிப்பில் எழுதிக்கொள்வேன். 'மௌனப் பெண்' என்றொரு பெயர். பலகையில் தலையில்லாத பெண்ணொருத்தி நிற்பாள். கடத்தல்காரரின் இரகசியத்தை ஊரெங்கும் சொல்லித் திரிந்த கடைக்காரனின் மனைவியை மௌனமாக்குவதற்கு அவர்கள் கண்ட வழி அது. 'குடிகார வாத்து' என்று இன்னொன்று. பீப்பாயிலிருந்து ஒழுகிய பியரைக் குடித்துவிட்டு வாத்துகள் முற்றத்தில் மல்லாந்து கிடந்தன. அவை செத்துவிட்டன என்று நினைத்த கடைக்காரி இறகுகளை முழுவதும் பிடுங்கி முடித்தபோது, ஒவ்வொன்றாக எழுந்து நின்றனவாம். அவமானம் தாங்காமல் அவள் அத்தனை வாத்துகளுக்கும் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டாள்.

'விதவையின் மகன்' என்ற பெயரின் கதை வேறு வகை. கப்பலில் போன மகன், பெரிய வெள்ளிக்கு வந்துவிடுவேன், எனக்கொரு பணிஸ் ரொட்டி எடுத்து வையுங்கள் என்று தாய்க்கு எழுதினான். அவன் வரவில்லை. தாய் ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பணிஸ் சுட்டுப் பழையவற்றோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டாள். அவள் இறந்தபின் அங்கே எழுந்த மதுச்சாலையும் அந்த வழக்கத்தை விடவில்லை. மற்றக் கதைகளை நாலு வரியில் குறித்த நான் இதற்கு மட்டும் இரண்டு பக்கம் செலவிட்டிருக்கிறேன். பிற்காலத்தில், ஊரில் போர் நடந்தபோது, எங்களவரின் வீடுகள் பலவற்றில் அப்படியொரு பணிஸ் தொங்கியது என்பதற்கு மேல் இங்கே எதுவும் எழுத விரும்பவில்லை.

பின்னர் நோர்வேக்கு வந்தேன். மொழி படித்தேன். தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றேன். மூத்தோர் சங்கத்தின் தலைவனாக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பத்தாவது ஆண்டும் இருக்க விரும்பினேன். என் ஒழுக்கத்துக்காகவே அந்தக் கதிரை எனக்குத் தரப்பட்டது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நிலைநாட்டும் பொருட்டு, நான்கு கோடைகளுக்கு முன் ஓர் அநியாயமும் செய்திருந்தேன். சங்கத்தின் ஏரிக்கரை ஒன்றுகூடலில், செயற்குழு உறுப்பினர் ஒருவர் கையில் பியர் தகரத்தோடு நிற்கக் கண்டேன். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். எழுத்தில் விளக்கம் தரும்படி கேட்டேன். அவர் விளக்கமும் தரவில்லை, வாக்குவாதமும் செய்யவில்லை. அடுத்த கூட்டத்தில் பதவி விலகிவிட்டு வழமைபோல் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் மகள் வந்து நின்றாள். அவளுடைய அலுவலக நண்பர்கள் நகரிலுள்ள ஆங்கிலப் பாணி மதுச்சாலை ஒன்றில் செவ்வாய்தோறும் நடக்கும் வினாவிடைப் போட்டிக்குப் போவார்கள்.

"அப்பா, இந்தக் கிழமை ஒரு முழுச் சுற்றும் இங்கிலாந்துப் பப் பெயர்கள்தான். நீங்கள் வந்தால் வெண்டிடுவம்."

"நானோ? பப்புக்கோ?"

"அப்பிள் யூஸ் குடிச்சுக்கொண்டு இருங்கோவன். உங்களை ஆர் பாக்கப் போகினம்?"

மூன்று முறை மறுத்தேன். மூன்றாவது மறுப்பில் உறுதி இல்லை என்பதை அவள் கண்டுகொண்டாள். உண்மையைச் சொன்னால், அரை நூற்றாண்டாக ஒருவரும் கேளாத கதைகளை ஒருமுறையாவது எவரேனும் கேட்கமாட்டார்களா என்ற ஆசை எனக்கு இருந்தது. போவதற்கு முன் மாறுவேடத்தைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தேன். இந்த நகரில் கழுத்தில் ரை கட்டாமல் நான் வெளியே போனதில்லை. ஆகவே ரையைக் கழற்றினாலே போதும், எவருக்கும் என்னை அடையாளம் தெரியாது என்று முடிவு செய்தேன். கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டேன். ஆனி மாதம். மாலை ஆறு மணிக்கும் வெயில் உச்சியில் நிற்பதுபோல் நின்றது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி அடுத்ததில் இறங்கி, வியர்வை ஒழுக நடந்து திரும்பி வந்தேன். வீதியில் என்னைத் திரும்பிப் பார்க்காதவர் மிகச் சிலரே.

யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உயரமான கண்ணாடிக் குவளையில் அப்பிள் சாறு வந்தது. அதன் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. தொடக்கத்தில் விடைகளை மகளின் காதில் மட்டும் சொன்னேன். தலையில்லாத பெண்ணா? மௌனப் பெண். சட்டை போட்ட வாத்தா? குடிகார வாத்து. தோற்ற அரசன் ஒளிந்திருந்த மரமா? ஓக் எனப்படும் கருவாலி. அதனால்தான் அந்நாட்டில் தெருவுக்குத் தெரு 'அரச கருவாலி' என்ற பெயரில் மதுச்சாலை இருக்கிறது. மகளின் நண்பர்கள் என்னை வியப்போடு பார்த்தார்கள். அந்த வியப்புத்தான் என்னைக் கெடுத்தது. ஆறாவது கேள்விக்கு என் குரல் அடுத்த மேசைக்கும் கேட்டது.

பத்தாவது கேள்வி 'இரத்த வாளி' என்ற பெயரைப் பற்றியது. ஓவியர் சொன்ன கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைக்காரன் காலையில் கிணற்றில் வாளியை விட்டு இழுத்தான். வந்தது தண்ணீர் அல்ல, இரத்தம். உள்ளே ஒரு பிணம் கிடந்தது. அதையே எழுதிக் கொடுத்தோம். போட்டியை நடத்திய இளைஞர் அதைத் தவறு என்றார். அயலிலிருந்த தகரச் சுரங்கத்தின் கழிவு கலந்து கிணற்று நீர் சிவந்தது, பிணக் கதை பின்னால் கட்டியது என்று அவருடைய தாளில் இருந்தது.

நான் எழுந்தேன். எழுந்ததை நான் உணரவில்லை; மகள் பின்னர் சொல்லித்தான் தெரிந்தது. கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பரிசு பெற்ற அதே ஆங்கிலத்தில், வலக்கையில் குவளையை உயர்த்தி, அந்தப் பலகையைத் தீட்டிய மனிதரின் வாயாலேயே கேட்டவன் நான் என்று முழங்கினேன். "அது இரத்தம். இரத்தமேதான்" என்று மேசையைத் தட்டினேன். பின்னர் சில மேசைகளிலிருந்து கைதட்டல் வந்தது. அதை ஏற்பதற்காகத் திரும்பினேன். திரும்பிய பக்கத்தில் யன்னல் இருந்தது. வெளியே, ட்ராம் தரிப்பிடத்தில், எங்கள் செயற்குழு உறுப்பினரான அம்மா ஒருவர் என்னை நேரே பார்த்தபடி நின்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். சில கணங்கள் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு ட்ராமில் ஏறினார்.

வீடு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். மகள் தடுத்தாள்.

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே, அப்பா. ஏன் நீங்களாப் போய்ச் சொல்லுறியள்?"

"கேட்ட பிறகு சொன்னால் அது மன்னிப்பு. கேக்க முதல் சொன்னால்தான் விளக்கம்" என்றேன். இந்த வாக்கியம் அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சங்கச் செயலாளருக்கு மூன்று பக்கக் கடிதம். குவளையில் இருந்தது அப்பிள் சாறு. உரத்த குரல் இரத்த வாளி பற்றிய வரலாற்றுக் கருத்து வேறுபாட்டின் விளைவு. ரை இல்லாமை நிதானமின்மையின் அறிகுறி அன்று. தொப்பிக்கும் தனியாக ஒரு பந்தி ஒதுக்கியிருந்தேன். மேலே 'அந்தரங்கம்' என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்பது பேரளவில் கூடியிருந்தார்கள். செயலாளர் அயல் நகரான திராமனிலிருந்து வருபவர். விதி என்றால் விதி என்பவர். அன்றைய நிகழ்ச்சி நிரலில் 'வந்த கடிதங்கள்' என்ற இடம் வந்ததும், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கடிதத்தை எடுத்து விரித்தார். நான் குனிந்து, இது அந்தரங்கக் கடிதம் என்றேன்.

"விதியிலை அந்தரங்கம் எண்டு ஒண்டும் இல்லைத் தலைவர். சங்கத்துக்கு வாற எந்தக் கடிதமும் முழுக்க வாசிக்கப்பட வேணும். நீங்கள்தானே கொண்டு வந்தனீங்கள்?"

ஓம், நான்தான். எவரும் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதற்காகப் பெருமிதத்தோடு முன்மொழிந்த விதி. அவர் வாசித்தார். நிறுத்தற்குறிகளுக்கு உரிய இடைவெளி விட்டு, 'அந்தரங்கம்' என்ற சொல்லையும் விடாமல் வாசித்தார். தொப்பிப் பந்தியின்போது பெண்கள் வரிசையில் ஒருவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். வாசித்து முடிந்ததும் ட்ராம் தரிப்பிடத்தில் நின்ற அம்மா எழுந்தார்.

"தலைவர் அண்ணை, நான் உங்களைக் காணவே இல்லை. அந்த யன்னல் கண்ணாடியிலை என்ரை தலைமயிரைப் பாத்துக்கொண்டு நிண்டனான். அண்டைக்குத்தான் வெட்டினது."

நரையை மறைக்கச் சாயம் போட்டதையும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் போலவா?

நான் எழுந்து, அது அப்பிள் சாறுதான் என்று மீண்டும் சொன்னேன். "ஓம், ஓம்" என்று நாற்பது பேரும் தலையாட்டினார்கள். குழந்தை தான் தடுக்கி விழவில்லை என்று சொல்லும்போது பெரியவர்கள் தலையாட்டுவார்களே, அந்த ஆட்டம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ட்ராம் ஓட்டியவர் பேசினார். அவர் எழுந்து நிற்கவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"நான் அண்டைக்குக் குடிச்சது பியர்தான் அண்ணை. வெக்கைக்கு நல்லாயும் இருந்தது. என்னட்டைக் கடிதம் கேட்டனீங்கள், நான் தரேல்லை. உங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை, மூண்டு பக்கம் தந்திருக்கிறியள்."

சிரிப்பு எழவில்லை. எழுந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மதுச்சாலையில் நான் ஒரு பிழையும் செய்யவில்லை என்று நிறுவுவதற்கு மூன்று பக்கம் எழுதியவன், ஏரிக்கரையில் செய்த பிழைக்கு ஒரு வரியும் எழுதவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தம்பி, நான் உம்மட்டைக் கடிதம் கேட்டது பிழை" என்றேன். நீண்ட வாக்கியமாக அமைக்க முயன்றேன், வரவில்லை. அதன்பின், அவரை விலகச் செய்த அளவுகோல் எனக்கும் பொருந்தும் என்றும், இவ்வாண்டு என் பெயரை எவரும் முன்மொழிய வேண்டாம் என்றும் கூறினேன். கூறிவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். வேண்டாம் என்று யாரேனும் தடுப்பார்கள் என எதிர்பார்த்தே நிறுத்தினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எவரும் தடுக்கவில்லை. செயலாளர் "குறிச்சாச்சு" என்றார்.

முடி வெட்டிக்கொண்ட அம்மா, ட்ராம் ஓட்டியவரின் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார். கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. முதலில் உயர்ந்தது என்று எழுத ஆசைதான். கடைசிக்கு முந்தியது.

நகரின் குறொன்லாண்டுப் பகுதிக் கடையிலிருந்து வரவேண்டிய சாப்பாடு தாமதமானது. புதிய தலைவர் முன்னால் வந்து அமர்ந்து, மண்டபத்தைப் பார்த்து, பின் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, சும்மாதானே இருக்கிறம். அந்த வாளிக் கதையைச் சொல்லுங்கோ."

சொன்னேன். கேட்டார்கள். வாத்துக் கதையையும் கேட்டார்கள். ஏரிக்கரைக்குப் பிறகு என்னோடு கதைத்திராத ஆண்கள் சிலர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். இவனும் குடிப்பவன்தானே என்ற தோழமையோடுதான் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. வாளிக்குள் இருந்தது இரத்தமா, சுரங்கத்து நீரா, எது உண்மை என்று செயலாளர் பேனாவோடு கேட்டார். அவருக்குக் குறிப்பேட்டில் எழுத ஒரு முடிவு தேவைப்பட்டது.

"தெரியாது" என்றேன்.

"எழுதாதேங்கோ" என்று புதிய தலைவர் அவருடைய கையைப் பிடித்தார். "இனி இரத்தக் கதை வேண்டாம் அண்ணை. சாப்பாடு வந்திட்டுது."