ராசாவுக்குப் பின்னால் ஓர் எச்

நல்லூரில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எனக்கு வேலை. இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கொம்பியூட்டரில் பதிய வேண்டும். சொந்த ஊர் எது, இப்போது யாருடைய வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர், யாருக்கு என்ன வயது. வெளிநாட்டுக்காரர் தந்த பெரிய பெட்டி ஒன்று, அதோடு இணைத்த மூன்று திரைகள், ஒரு பிரின்டர். ஆமி வீதிக்கு வீதி சென்றி போட்டு, போவோர் வருவோரை மறித்துச் சோதித்த காலம். ஆயுதம் தூக்கிய இயக்கங்களும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு திரிந்தன. வயதுக்கு வந்த பிள்ளைகளின் பெயரும் விலாசமும் அந்தப் பெட்டிக்குள் ஒரே இடத்தில் கிடந்தன. எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். மின்விசிறிக்குக் கீழே வேலையாம்.

பெட்டிக்குள் போகப் பெயரும் பாஸ்வேட் என்கிற இரகசியச் சொல்லும் வேண்டும். யார் உள்ளே போனாலும் பிரின்டர் ஒரு வரி அடிக்கும். பிழையாக அடித்து உள்ளே விடாவிட்டாலும் ஒரு வரி அடிக்கும். எந்தத் திரை, என்ன நேரம், என்ன பெயர் என்று எல்லாம் அதில் இருக்கும். காலையில் அந்தத் தாளைக் கிழித்துப் பார்ப்பது என் பொறுப்பு. அவசரத்தில் நாங்களே பிழை விடுவோம். அதனால் ஒன்றிரண்டு மறுப்புகளைக் கண்டால் நான் கவனிப்பதில்லை.

ஒரு நாள் காலை என் பெயருக்கு நேரே வரிசையாக மறுப்புகள் கிடந்தன. முந்தின நாள் மத்தியானம் அடித்தவை. அந்த நேரத்தில் நானும் என்னோடு வேலை செய்த அக்காவும் பின்னறையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். வரிசையின் கடைசி வரி மறுப்பல்ல. உள்ளே விட்டிருந்தது.

எந்தக் குடும்பத்தின் பதிவு கடைசியாகத் திறக்கப்பட்டது என்பதையும் பெட்டி குறித்து வைக்கும். தேடிப் பார்த்தேன். என் பெயரில் வந்தவர் திறந்தது ஒரேயொரு பதிவு. புத்தூர். எங்கள் வீடு.

எங்கள் வீட்டுப் பதிவில் களவெடுக்க என்ன இருக்கிறது? தம்பி இருந்தான். ஏ.எல். படித்துக்கொண்டிருந்தவன். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய், அடித்து, விட்டுவிட்டார்கள். விட்டுவிட்டார்கள் என்பதாலேயே இயக்கங்களும் அவனைச் சந்தேகமாகப் பார்த்தன. நான்தான் அவனைக் கரவெட்டியில் என் சிநேகிதி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அந்த வீட்டிலும் அரிசிக்குத் தட்டுப்பாடு. நிவாரணம் எடுக்க, எங்கள் குடும்பத்தின் பெயரில் அவனைப் பதிய வேண்டியிருந்தது. விலாசத்தை நானே அடித்தேன். அம்மாவுக்கும் ஐயாவுக்கும்கூட அவன் எங்கே என்று சொல்லவில்லை.

ஐயாவுக்குச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஐயாவுக்குப் பொய் வராது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே வராது. வாய் திறக்கும், காது சிவக்கும், பிறகு உண்மை வந்து விழும். சென்றிகளில் மகன் எங்கே என்று கேட்பார்கள். "தெரியாது" என்பார். அது உண்மை என்பது முகத்திலேயே தெரியும். விடுவார்கள். குமர்ப்பிள்ளையைத் தனியே விடக்கூடாது என்று அவரும் தினமும் என்னோடு சைக்கிளில் வந்து, நான் வேலை முடியும் வரை அலுவலகத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருப்பார். தாளைக் கண்டதைப் பற்றி அவருக்கு மூச்சு விடவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை.

திரும்பத் திரும்ப அந்த வரிகளையே பார்த்தேன். ஒரு வரியில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சொல் கிடந்தது. வந்தவர் பதற்றத்தில் பெயர் கேட்ட இடத்திலேயே பாஸ்வேட்டை அடித்துவிட்டார். பாஸ்வேட்டைத் திரையும் காட்டாது, தாளும் காட்டாது. இப்படிப் பிழை விட்டால்தான் வெளியே வரும். ராசா. அம்மா தம்பியைக் கூப்பிடுகிற பெயர். என் பாஸ்வேட்டும் அதுதான். என்ன புத்தி எனக்கு! யாழ்ப்பாணத்தில் ராசா இல்லாத வீடு எது?

ஆனால் நான் அடிக்கிற ராசா அல்ல அது. ஆங்கில எழுத்தில் அடித்திருந்த அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் எச் எழுத்து இருந்தது. அதை விட்டு அடித்த பிறகுதான் பெட்டி உள்ளே விட்டிருக்க வேண்டும். எங்கள் வயதுக்காரர் அப்படி எழுதமாட்டோம். வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம் படித்தவர்கள்தான் ராசா, கந்தையா, துரைராசா எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் எச் வைப்பார்கள். வைக்காவிட்டால் அவர்களுக்குப் பெயர் முடிந்தது போல இராது. ஆக, வந்தது ஆமி அல்ல. எங்கள் ஆள். அதுவும் வயதான ஆள். எனக்கு இன்னும் பயம் கூடியது. ஆமிக்காரன் என்றால் யாரென்று தெரிந்தாவது பயப்படலாம்.

எங்கள் பணிப்பாளர் வயதானவர். அவருடைய பெயரும் எச் எழுத்தில்தான் முடியும். சந்திப்பு என்று அடிக்கடி ஆமி முகாமுக்குப் போய் வருவார். அன்று அவர் "என்ன பிள்ளை, முகம் வாடிக்கிடக்கு?" என்று கேட்டார். அவர் தந்த தேநீரைக் குடிக்காமல் ஊற்றினேன். பாவம் மனிதன்.

பாஸ்வேட்டை மாற்றினேன். மத்தியானம் அக்காவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அரிசிச் சாக்குகள் அடுக்கியிருந்த பக்க அறையின் கதவிடுக்கில் நின்றேன். பணிப்பாளர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிரின்டர் அடித்தது. மறுப்பு. இன்னொரு தரம் அடித்தது. எட்டிப் பார்த்தேன்.

ஐயா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் என் பெயரை அடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ன செய்யிறியள்?"

அவர் துள்ளி எழும்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, மெசின் பழுதாகிவிட்டது போலச் சொன்னார். "இண்டைக்கு உள்ளை விடுதில்லை பிள்ளை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லியிருப்பியே?"

"கரவெட்டிக்குப் போனனீங்களோ?"

"இல்லை. நான் போனால் எனக்குப் பின்னாலை ஆரும் வருவங்கள். உதிலை அவன்ரை பேர் கிடக்குது. அதைப் பாத்தாலே எனக்குப் போதும்." பிறகு மெல்லச் சொன்னார். "நேற்று ஒருக்காப் பாத்தனான்."

"இனிச் சென்றியிலை கேட்டால் என்ன சொல்லுவியள்? உங்களுக்குப் பொய் வருமே?" என்று கத்தினேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். அன்று பின்னேரமே தம்பியை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லிச் சிநேகிதிக்குச் சொல்லி அனுப்பினேன். சொல்லி அனுப்பிய ஆள் கரவெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள், நாங்கள் போகும் வழியில் சென்றி வருமே என்பதுதான் எனக்குப் பயம்.

வீட்டுக்குப் போகும் வழியில் மறித்தார்கள். நாளாந்தம் காண்கிற சென்றிதான். நின்றவன் புதியவன். குடும்ப அட்டையை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தான். விரல் தம்பியில் நின்றது.

"மகன் எங்கே?"

நான் ஐயாவின் காதைப் பார்த்தேன். சிவந்துவிட்டது. வாய் திறந்தது. கரவெட்டி என்ற சொல் வரப்போகிறது என்று சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்தேன். ஓட வேண்டுமா, அழ வேண்டுமா என்று தெரியவில்லை.

"செத்துப்போனான்," என்றார் ஐயா.

சொல்லிவிட்டு அழுதார். நடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியவில்லை. அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்துத் தம்பியின் பெயருக்கு மேலே ஒரு கோடு கீறி, அட்டையைத் திருப்பித் தந்தான்.

புத்தூருக்கு வந்து சேர்ந்தோம். படலையைத் திறந்ததும் ஐயா சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. உடுத்த வேட்டியோடு வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார்.

சத்தம் கேட்டு அம்மா குசினியில் இருந்து ஓடி வந்தா. தோய்ந்த உடுப்போடு அவர் நிற்பதைக் கண்டதும் கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றுவிட்டா.

"ஆருடைய செத்தவீட்டாலை வாறியள்?"

ஐயா இன்னொரு வாளி அள்ளினார்.