வள்ளப் பாய்க்குப் பின்னால் ஒரு தேர்தல்

தலைமன்னாருக்கு மாட்டுவண்டி கிடைக்கும்வரை தாழ்வுபாட்டுக் கரையில் நிற்கிறேன். கருவாட்டு வாடைக்கு நடுவே ஒரு தேர்தல் நடக்கிறது.

கரைவலைக்குச் சொந்தக்காரரான பேதுருச் சம்மாட்டியார் இரண்டு மீன்கூடைகளை வைத்து, ஒன்றில் சிவப்புத் துணியும் மற்றதில் பச்சைத் துணியும் கட்டி, முன்னால் மறைப்பாக, வள்ளத்தின் பாய்மரத்தில் கட்டும் பழைய பாயைத் தொங்கவிட்டிருக்கிறார். இருபத்தொரு வயதான எல்லோருக்கும், பெண்களுக்கும்கூட, இலங்கையில் இந்த 1931ஆம் ஆண்டுதான் முதன்முதலாக வாக்கு.

"இளசுகள் பயப்படுதுகள், ஐயா. அதுதான் பழக்கிறன்," என்கிறார்.

நிசத் தேர்தலன்று வலை இழுப்பதா, விடுமுறையா என்பதே கேள்வி. இழுப்பதற்குச் சிவப்பு, விடுமுறைக்குப் பச்சை. வாக்காக ஆளுக்கொரு சிப்பி.

"எல்லோரும் விடுமுறைக்குப் போட்டால்?" என்று கேட்கிறேன்.

"போடட்டும், அது அவையின்ர உரிமை. ஆனால் போடமாட்டினம்."

சால்வையை உயர்த்துகிறார். வலை இழுக்கவும் அவருடைய சைகை இதுதான். உயர்த்தினால் கரை முழுக்க ஒன்றாய் வலைக்கயிற்றில் கை வைக்கும். அவருடைய வலை இழுக்கும் இளசுகள் ஒவ்வொருவராகப் பாய்க்குப் பின்னால் போகிறார்கள். சம்மாட்டியாரும் மெல்ல அந்தப் பக்கம் நகர்கிறார். தன் முறைக்குச் சிப்பியோடு நிற்கும் பிலோமினா என்ற இளம்பெண் திரும்புகிறாள்.

"ஒராளாத்தான் போகவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அங்கால நில்லுங்கோ."

நிற்கிறார். கடைசியாகத் தானும் ஒரு சிப்பியோடு போய் வருகிறார்.

கூடைகளைக் கவிழ்க்கிறார்கள். பச்சையில் ஒரு குவியல். சிவப்பில் ஒரேயொரு சிப்பி.

அது யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாக்கு இரகசியம் என்று அவர்தான் பழக்கியிருக்கிறார்.