நான்காம் கிரீனும் ஆறு கிலோ கல்லுப்பும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். திருவனந்தபுரத்தில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பார்க்கும் வேலை. கொல்லயில் என்ற ஊரிலுள்ள வீட்டிலிருந்து பாறசாலைக்கு வந்து, ரயிலேறி, பதினாறு வருஷமாகப் போய்வருகிறேன். அங்கே மேற்பார்வைக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து என் மகள் வயதில் ஒருத்தி அதற்கென்றே படித்துவிட்டு வந்தபோது, "புல்லு வளக்கதுக்கும் ஒரு படிப்பா?" என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

ஓணம் கழிந்து, துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழை வலுக்கும் முன்னால் மைதானத்தைச் சில நாள் மூடிப் பராமரிப்பு வேலை செய்வது வழக்கம். மணல் குழிகளைச் சரியாக்குவோம், ஓடை வெட்டுவோம், அவ்வளவுதான். அவள் வந்த வருஷம் கிரீன்களைத் துளைக்க வேண்டும் என்றாள். கிரீன் என்பது பந்து விழும் குழியைச் சுற்றி, பாய் விரித்ததுபோல் ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரை. எங்களிடம் ஒன்பது உண்டு. பொத்திப் பொத்தி வளர்த்த புல்லில் இயந்திரத்தை ஓட்டி, விரல் தடிமனில் ஆயிரக்கணக்கான துளை போட்டால் எனக்கு எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"கீழ மண்ணு இறுகிப் போச்சு அண்ணா. வேருக்கு மூச்சு முட்டும். துளையில மணலு போட்டா தண்ணியும் இறங்கும், காத்தும் போவும்," என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து ஈர்க்குவிளக்குமாறால் மணலைத் துளைக்குள் தள்ளினாள். நான்காவது கிரீன் முடிந்த அன்று மாலை மழை கொட்டியது. எப்போதும் குளமாக நிற்கும் இடம், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்து கிடந்தது. அன்றைக்கே நான் அவளிடம் தோற்றுப்போனேன்.

அந்தக் கிரீனுக்கு மேலே சரிவில் மூன்று தென்னைகள் நிற்கின்றன. அவற்றின் அடியில் வட்டமாகத் தடமெடுத்து உரம் போடச் சொன்னாள். அவளுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டுமென்ற உற்சாகத்தில் நான் ஒரு அதிகப்படி வேலை செய்தேன். எங்கள் பக்கத்தில் தென்னந்தடத்தில் கல்லுப்பும் போடுவோம். காய் நன்றாகப் பிடிக்கும். பாறசாலைக் கடையில் ஆறு கிலோ வாங்கி, ரயிலில் சுமந்துவந்து மூன்றுக்கும் போட்டேன். மதியம் இடியோடு மழை. தடம் நிறைந்து வழிந்தது.

நாலு நாளில் கிரீன் மஞ்சளடித்துக் கருகத் தொடங்கியது. தென்னையடியிலிருந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர்தான் என்று பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மைதானத்தை நடத்தும் கமிட்டிக்காரர்கள், துளை போட்டதால்தான் புல் செத்தது என்றார்கள். மீதி ஐந்து கிரீன் வேலையை நிறுத்தி, அவளையும் அனுப்பிவிடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் படிப்பு முடியவில்லையே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கமிட்டி கூடவிருந்த அன்று காலை, அவள் குழாயைப் பிடித்து நான்காம் கிரீனுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகவே பாய்ச்சுகிறாள். மழைக்காலத்தில் எதற்கு இது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"தெங்குக்கு உப்பு எத்தற கிலோ போட்டிய அண்ணா?" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

"ஆறு," என்றேன்.

"எங்க வீட்டுலயும் போடுவாவ. இங்க போடண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பாக்கும்." குழாயைக் கொஞ்சம் நகர்த்தினாள். "பாத்தியளா, துளை இருக்கதுனால உப்பு கழுவிக் கீழ இறங்குது. இல்லேன்னா கிரீன் மொத்தமும் போயிருக்கும்."

ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நானாக இருந்தால் மைதானம் அதிரக் கத்தியிருப்பேன்.

மாலையில் கமிட்டி அறைக்கு வெளியே நின்றேன். தென்னைக்கு உரம் போடச் சொன்னது தான்தான், தவறும் தன்னுடையதே என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். உப்பு போட்ட ஆள் யார் என்று செயலாளர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் சொல்லவில்லை. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. சேற்றுச் செருப்போடு உள்ளே போய், "ஞானாணு சாரே, உப்பிட்டது ஞானாணு," என்று நான்தான் போட்டதாக ஒப்புக்கொண்டேன்.

புல் செத்தது துளையால் அல்ல என்று அவர்களுக்குத் தெளிவானது. பிறகு, மீதிக் கிரீன்களையும் துளைக்கலாம் என்று முடிவானது. இந்த ஆளை என்ன செய்யலாம் என்று செயலாளர் அவளிடமே கேட்டார்.

நான்காம் கிரீனை இவரிடமே விட்டுவிடுங்கள், இனி அந்தப் புல்லை இவரைவிட நன்றாகப் பார்க்க வேறு ஆள் கிடையாது என்றாள்.

ஐம்பது வயது ஆள், அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.