அப்பா ஒருசந்தி விட்ட வருடம்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்கால நோன்பைத் திருச்சபை தளர்த்தியது 1966இல். அதற்கு முன்பு, ஞாயிறு நீங்கலாக, தவக்காலத்தின் எல்லா நாள்களும் ஒருசந்தி. பகலில் ஒரே ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பாடு. 1966க்குப் பிறகு கட்டாயம் இரண்டே நாள்: தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். இதைப் பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். கேட்டாரே தவிர ஏற்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் படித்த ஞானோபதேசப் புத்தகம்தான் கடைசிவரை அவருக்குச் சட்டம்.

மீன் விஷயமும் அப்படித்தான். விலக்க வேண்டியது இறைச்சியைத்தான். மீனுக்குத் தடை இல்லை என்று நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். வீட்டில் அது செல்லாது. சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அம்மா மீன் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்துவிடுவார். பாஸ்கா ஞாயிறு, அதாவது ஈஸ்டர் அன்றுதான் அது கீழே இறங்கும். இடையில் கருவாடுகூடக் கிடையாது. காரைக்காலில், கடலை வைத்துக்கொண்டு.

1986இல் சாம்பல் புதன் பிப்ரவரி 12. அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், சொந்த அம்பாசிடர். அதற்கு முந்தைய ஐப்பசியில்தான் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்து, காலையில் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டு அரைமணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் இரண்டு முறை சொன்னதாக அம்மா ஞாபகம் வைத்திருந்தார். அப்பா ஞாபகம் வைத்திருந்தது, மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்பதை மட்டும்.

ஆகவே அந்தத் தவக்காலத்தில் அவர் விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் மாதா கோவில் மணி அடிக்கும்வரை ஒன்றும் சாப்பிடாமல் கார் ஓட்டினார். எங்களிடம் மாத்திரையைச் சாப்பாட்டோடு மத்தியானம் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதை நம்பவில்லை. சாமியாரிடமே போய்க் கேட்டார். நோயாளிக்கு ஒருசந்திக் கடமை கிடையாது என்று அவர் சொல்லி அனுப்பினார். "சாமி நல்லவரு. யாரு போயி என்னா கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாரு" என்று அப்பா முடித்துவிட்டார்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தத் தேதியை நான் எங்கும் குறித்து வைக்கவில்லை. ஆனால் கிழமை சரி. எங்கள் தெருவில் இருந்த அரிசி வியாபாரி பாய், நெல் பார்க்க விழிதியூருக்குச் செவ்வாய்க்கிழமைதான் போவார், அதுவும் அப்பா காரில். இருவரும் ஒரே வயது. திரும்பி வரும்போது அப்பா கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார் என்றும், சட்டை முழுக்க வியர்வை என்றும் பாய் சொன்னார். வண்டி மெல்ல இடதுபுறம் சாய்ந்து, சாலையை விட்டு இறங்கி, உளுந்து வயலில் போய் நின்றது. நல்லவேளை, வேகம் இல்லை. இருவருக்கும் அடி இல்லை.

பாய்க்கும் சர்க்கரை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் எப்போதும் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார். அதை அப்பாவின் வாயில் திணித்தார். ஒரு மிட்டாய் என்று அப்பா சொல்வார், மூன்று என்று பாய் சொல்வார். இதில் மட்டும் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. மற்றபடி நடந்த பேச்சு ஒன்றுதான்.

"என்னா பாய் இது, வாயில?"

"மிட்டாய்."

"மணி என்னா?"

"பதினொண்ணு."

"துப்பிரட்டுமா?"

"துப்புங்க. நான் பாட்டுக்கு நடந்து ஊருக்குப் போறேன். கார யாரு தள்ளுறான்னு பாத்துக்குங்க."

அப்பா துப்பவில்லை.

அன்று சாயங்காலம் பாய் வீட்டுக்கு வந்து, நடந்ததை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏங்க, மாத்திரையயும் போட்டுட்டுப் பட்டினியாவும் கெடந்தீங்களா?"

"நிறுத்தக் கூடாதுன்னாரு டாக்டரு. நிறுத்தல. ஒருசந்திய விடக் கூடாது. அதையும் விடல. இதுல என்னா தப்பு?"

நான் படித்த சட்டத்தை எடுத்து வைத்தேன். அறுபதாவது வயது தொடங்கிவிட்டால் கடமை இல்லை. அவருக்குப் போன கார்த்திகையிலேயே ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது. நோயாளிக்கு எந்த வயதிலும் இல்லை.

"கணக்குப் பாத்துத் தப்பிச்சுக்க இது என்னாடா முனிசிபாலிட்டி வரியா?" என்றார் அப்பா.

பாய் சர்க்கரை போடாத டீயை வைத்துக்கொண்டு சிரித்தார். "டிரைவரே, போன வருசம் எங்க நோன்பு கத்திரி வெயில்ல வந்துச்சுல்ல? நான் ஒருநாளுகூட வைக்கல."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பள்ளிவாசலுக்குப் போகத் தவறாத மனிதர் அவர். "நீங்களா?"

"டாக்டரு வேணாம்னுட்டாரு. நாலு நாளு வீட்டுல மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தேன். அப்புறம் விட்ட ஒவ்வொரு நாளைக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு. எங்கள்ல அதுக்குப் பித்யான்னு பேரு. நோன்பு எங்கயும் போயிரல. இன்னொருத்தரு வயித்து வழியாப் போவுது, அவ்வளவுதான்."

"எங்க வேதத்துல அப்புடி இல்லியே பாய்."

"ஏன் இல்ல?" என்றார் அம்மா. "பசிச்சவங்களுக்குச் சோறு போடணும்னு நீங்க படிச்ச ஞானோபதேசத்துல இல்லியா? நான் படிச்சதுல இருந்துச்சே."

 "எப்புடிப் போடணும்?" என்று அப்பா பாயிடம்தான் கேட்டார்.

"நீங்க திங்கிறத விட மட்டமாப் போடக் கூடாது. வேற ஒண்ணும் இல்ல."

மறுநாள் காலை மாத்திரை போட்டு அப்பா நான்கு இட்லி சாப்பிட்டார். யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். மத்தியானம் அம்மா அடுக்குப் பாத்திரத்தில் சோறும் சாம்பாரும் கீரையும் வைத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு நிழலில் ஒரு பெரியவர் கிடப்பார். ஒரு காலத்தில் பஸ் மேலே மூட்டை ஏற்றியவர்; இடுப்பு போனபிறகு அங்கேயே தங்கிவிட்டார். அவருக்குக் கொடுத்து, அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அப்பா தன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்.

நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. அதன்பின் ஒருநாள் அப்பா கோபமாக வந்தார்.

"அந்த ஆளு, வீட்டுல ஏதாச்சும் துக்கமான்னு கேக்குறான்."

"எதுக்குங்க?"

"தெனமும் சாம்பாரும் கீரையுமா வருதாம். கடல் பக்கத்துலதான இருக்கு டிரைவரேங்கிறான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவரு கேக்குறது நெசந்தான. ஒருசந்தி ஒங்களுக்கா அவருக்கா?"

"நான் திங்கிறதத்தான் குடுக்குறேன்."

"தவசு காலத்துல திங்கிறதக் குடுக்குறீங்க. மத்த நாள்ல மீன் இல்லாமத் தட்டுல கை வப்பீங்களா?"

அன்று இரவு அப்பா செபமாலை முடிந்தும் மண்டியிட்டபடியே இருந்தார். காலையில் காரை எடுத்துக்கொண்டு மீனவர் ஊரான காரைக்கால்மேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஏலம் முடிந்து பெண்கள் மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவை வருடம் முழுக்கப் பார்க்கிறவர்கள்.

"ஏடி, இங்க பாரு, தவசு காலத்துல வேதக்காரரு மீன் வாங்க வந்துட்டாரு!"

"எனக்கில்ல" என்றார் அப்பா.

"அப்புடித்தான் எல்லாரும் சொல்றாங்க. சங்கரா வேணுமா, கெளுத்தி வேணுமா?"

சங்கரா வாங்கினோம். திரும்பும் வழியில் கண்ணாடியை இறக்கிவிடச் சொன்னார்.

அம்மா பரணில் இருந்து மீன் சட்டியை இறக்கினார். எனக்கு நினைவு தெரிந்து தவக்காலத்தில் அது கீழே வந்தது அன்றுதான். குழம்பு கொதித்தபோது வாசனை தெருவரை போயிற்று. அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போகலாம், போகவில்லை. வெறும் வயிற்றோடு கார் ஓட்டிய நாள்களில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"உப்பு யாருங்க பாக்குறது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

யாரும் பார்க்க முடியாது. அம்மா அப்படியே பாத்திரத்தில் ஊற்றினார். அப்பா எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மணிக்கு மேல், கழுவிய பாத்திரத்தோடு திரும்பி வந்தார். கை கால் கழுவிக்கொண்டு ரசம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நல்லா சாப்புட்டாரா?" என்றார் அம்மா.

"சாப்புட்டான், சாப்புட்டான். உப்பு கம்மியாம்." சோற்றைப் பிசைந்தார். "நாளைக்கு ஒரு கல்லு கூடப் போடு."