காலையில் திரும்பி வரும் ஃபோல்டர்

ஆபீஸ் ஸ்டோர் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறதாம். சாயங்காலம் அழித்தால், காலையில் புரோகிராம் மெனுவில் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்கிறதாம். டிரைவர் ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லி, அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் சொன்னபோது கதைக்கு ஒரு வாலும் முளைத்திருந்தது. ரிட்டயராகி ஊருக்குப் போன பழைய ஸ்டோர்கீப்பர் தவறிவிட்டாராம். அதனால்தான் அவர் ஃபோல்டர் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதாம்.

"யாரு சொன்னா?"

"டிரைவர்தான் சார். அவருக்கு யாரோ சொன்னாங்களாம்."

ஃபோல்டரெல்லாம் ரிப்பேர்காரருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த வாலைத்தான் விட்டுத்தள்ள முடியவில்லை.

ஆறு மாடிக் கட்டடத்தில் அவருக்கென்று இருந்த ஒரே மனிதர் அந்த ஸ்டோர்கீப்பர். போய் ஏழு மாதமாகிறது. கிளம்பும் அன்று ஒரு துண்டுச்சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, "சும்மா கூப்பிடு தம்பி" என்றார். சும்மா கூப்பிடுவதுதான் ரிப்பேர்காரருக்கு வராத வித்தை. பிழைக்க வந்த இந்த நாட்டில் பதினெட்டு வருஷமாக அவரை யார் கூப்பிட்டாலும் ஏதோ ஒன்று கெட்டுப்போயிருக்கும். அவர் யாரையாவது கூப்பிட்டால், அது சரியாகிவிட்டது என்று சொல்லத்தான்.

மதியம் ஸ்டோர் ரூமுக்கு இறங்கினார். புதிதாகச் சேர்ந்த பெண் நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். "நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேண்ணா. போன வாரம் மட்டும் மூணு தடவை அழிச்சேன். அசையல."

மெனு பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டு இடங்களிலிருந்து நிரம்புவது, ஒன்று ஆளுக்குத் தனி, இன்னொன்று எல்லோருக்கும் பொது, ஒன்றில் மட்டும் அழித்தால் மற்றது எட்டிப் பார்க்கும் என்று சொல்லிக்கொண்டே இரண்டிலும் அழித்தார். மெஷினை அணைத்து மறுபடி போட்டார். ஃபோல்டர் ஒன்றுமே நடக்காததுபோல வந்து நின்றது. திறந்து பார்த்தார். உள்ளே இருந்தவை எப்போதோ கழற்றப்பட்ட புரோகிராம்களின் வெறும் கூடுகள். அந்தப் பெண் தனக்குப் பேப்பர் கட்டு எண்ண வேண்டியிருக்கிறது என்று அலமாரிகளுக்குப் பின்னால் நழுவினாள்.

அப்படியானால் யாரோ தினமும் வைக்கிறார்கள். மெஷின் எழுந்ததும் தானாக ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்தார். அதன் அடியில் ஆறே வரியில் ஒரு குட்டி ஃபைல். முதல் வரியில் ஒரு குறிப்பு: 'அண்ணனுக்காக. காலையில் திரும்ப வைக்க.'

எழுதியது ரிப்பேர்காரரேதான். நாலு வருஷத்தில் மறந்தே போயிருந்தார்.

ஸ்டோர்கீப்பருக்குக் கை நடுக்கம். மவுஸைப் பிடித்தால் ஃபோல்டர் எங்காவது இழுபட்டுப் போகும். "ஓடிப்போச்சு தம்பி, பிடிச்சுக் குடு" என்று தினமும் காலையில் ரிப்பேர்காரருக்குப் போன் வரும். படியேறி இறங்கி அலுத்துப்போய்த்தான், தொலைந்தாலும் மறுநாள் தானே வருகிற மாதிரி இதை எழுதி வைத்தார். இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. "பிரிண்டர் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு. வந்து என்னன்னு கேளு." போய்ப் பார்த்தால் பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி மட்டும் இழுத்துப் போட்டிருந்தது.

ஃபைலை அழிக்க ஒரு தட்டு போதும். விரலை எடுத்துக்கொண்டார்.

"கிடைச்சுதாண்ணா?" அலமாரிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கிடைச்சிருச்சும்மா. சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அழிச்சிடறேன்."

பேப்பர் எண்ணும் சத்தம் நின்றது.

போன் உறைக்குள்ளிருந்து துண்டுச்சீட்டை எடுத்தார். மடிப்பில் ஒரு எண் பாதி அழிந்திருந்தது. அது அவருக்கு மனப்பாடம். ஏழு மாதத்தில் எத்தனையோ முறை பாதிவரை அழுத்திவிட்டு வைத்த நம்பர். இன்றைக்குக் காரணம் இருக்கிறது. அண்ணே, உங்க ஃபோல்டர அழிக்கலாமா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி எண்வரை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது. நாலு, ஐந்து. ஸ்கிரீனில் ஃபோல்டர் அசையாமல் இருந்தது. எட்டு. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.