தண்ணி வந்த தேதி

கோவை இலையையும் அடுப்புக் கரியையும் சேர்த்துத் தேய்த்த கரும்பலகைக்கு ஒரு வாசனை உண்டு. பச்சையும் புகையும் கலந்த வாசனை... அது காய்வதற்குள் சாக்பீஸ் வைத்தால் எழுத்து பிடிக்காது. மங்கை அதற்காகவே பலகையை விசிறிக்கொண்டு நிற்பாள்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நடுநிலைப்பள்ளி. ஏழாம் வகுப்பில் அவளுக்குத்தான் எழுத்து அழகு. அதனால் பிரேயருக்கு முன்னால் 'வரலாற்றில் இன்று' எழுதுகிற வேலை அவளுக்கு. அன்று பிறந்த விஞ்ஞானி, அன்று விடுதலை பெற்ற நாடு... கடைசி வரியில், அன்று பிறந்தநாள் காணும் நம் பள்ளி மாணவர். அந்தப் பெயருக்கு மொத்தப் பள்ளியும் கை தட்டும்.

எனக்கு ஒருமுறைகூடத் தட்டியதில்லை.

காரணம் என் பெரியப்பா. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது, "தேதி தெரியலீங்க சார், நீங்களே பாத்துப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர். ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே, ஹெட்மாஸ்டர் என் முகத்தைப் பார்த்து மே மாதத்தில் ஒரு தேதி போட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மே மாதம்தான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிற மாதம். பெரியப்பா, ஹெட்மாஸ்டர் இருவர் மீதும் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு.

அம்மாவைக் கேட்டால் தேதி வராது. கதைதான் வரும்.

"நம்ம வாய்க்கால்ல தண்ணி வந்த அன்னைக்கி, விடியக்காலம் பொறந்த. ஒங்கப்பா ஒம் மூஞ்சியப் பாக்க வரல. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மடையப் பாக்கப் போயிட்டாரு."

மேட்டூரில் திறந்து, கல்லணை தாண்டி, எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வருவது வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு தேதி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனாலும் மங்கையிடம் போய் நின்றேன்.

"எம் பேரையும் ஒரு நாள் எழுதேன்."

"ஒனக்கு மே மாசம்ல? மே மாசம் வந்து எழுதறேன். நீ மட்டும் நின்னு கை தட்டிக்க."

"அது பொய்த் தேதி. நான் தண்ணி வந்த அன்னைக்கிப் பொறந்தவன்."

"அது என்ன தேதி?"

"...தண்ணி வந்த அன்னைக்கி."

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "நீ என்ன ஆறாடா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். 

"ஷட்டர் சுத்தறவரு பொண்ணுக்கு இவ்ளோ திமிரா?" என்றேன்.

அவள் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். வாய்க்கால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற வேலை. பத்து ஏக்கர்காரன் வீட்டுப் பையன் நான்... அந்தத் தோரணையில்தான் சொன்னேன்.  மங்கை கையிலிருந்த சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அப்புறம் என்னோடு பேசவில்லை.

சில வாரம் கழித்து ஒரு காலை. பிரேயருக்கு வரிசையில் நிற்கிறேன். பலகையில் முதல் வரியில் யாரோ ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி. இரண்டாவது வரியில் ஏதோ ஒரு போர் முடிந்த செய்தி. மூன்றாவது வரி:

'நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. அன்று விடியற்காலை பிறந்தவர், ஏழாம் வகுப்பு ரா சேகர்.'

பிறந்தவர். எனக்கு 'ர்' போட்டு யாரும் அதுவரை பேசியதில்லை.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார். "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"எங்கப்பா நோட்டுல சார். வேலைக்கு வந்ததுலேர்ந்து தண்ணி வந்த தேதியெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. சேகர் பொறந்த வருஷத்த நம்ம ரிஜிஸ்டர்ல பாத்தேன். அந்த வருஷத்துத் தேதி நோட்டுல இருந்திச்சு."

வாத்தியார் பலகையை இன்னொரு முறை வாசித்தார். பிறகு அவரே முதலில் கை தட்டினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வகுப்புக்குள் போனதும் அவளிடம், "இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளி வைக்கல" என்றேன்.

அவள் எழுந்து வெளியே போனாள். புள்ளி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள். கல்யாணமாகிக் குத்தாலம் பக்கம் போனதாகக் கேள்வி.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் பேங்க் வாழ்த்துகிறது, இன்ஷூரன்ஸ் வாழ்த்துகிறது, ஃபேஸ்புக்கில் நீங்கள் எல்லோரும் வாழ்த்துகிறீர்கள். கேக் படம் வேறு. நானும் எல்லோருக்கும் நன்றி போடுகிறேன்... அந்தப் பொய்த் தேதிக்கு.

நேற்று சாயங்காலம் என் மகள் போனோடு வந்தாள். ஆறாம் வகுப்பு. "அப்பா, நாளைக்கி அசெம்ப்ளில 'டுடே இன் ஹிஸ்டரி' நான்தான் வாசிக்கணும்." எட்டிப் பார்த்தேன். மங்கை பலகையில் எழுதிய அதே தேதி. பிறந்தவர்கள், இறந்தவர்கள் என்று விரல் வலிக்கும்வரை தள்ளுகிற அளவு இருந்தது. எங்கள் வாய்க்கால் இல்லை.

இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். இதுவரை வீட்டில் யாருக்கும் சொன்னதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஆன்ட்டிக்கு எப்பப்பா பர்த்டே?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பலகையில் மங்கையின் பெயரைப் பார்த்த ஞாபகமே இல்லை. அவளுக்கும் மே மாதம்தான் போட்டிருப்பார்கள்...

யார் யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று நாற்பது வருஷமாகக் கணக்காக ஞாபகம் வைத்திருக்கிறவன் நான். இதை மட்டும் கேட்டு வைக்கவில்லை.

நம் செட்டில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தேதிகூட வேண்டாம். அவள் பிறந்த அன்று நடவா, களை எடுப்பா, அறுப்பா... வயலில் என்ன நடந்தது என்று சொன்னால் போதும். மீதியை நான் தேடிக்கொள்கிறேன்.